‘ஃப்ரீ சீட்’ கிடைத்த பிள்ளைக்குச் சாப்பாடு யார் செலவு?
விளையாட்டு ஒதுக்கீடும் விடுதிக் கட்டணமும்: பெற்றோருக்கு ஒரு விளக்கம்

 

பிளஸ் டூ முடிவு வரும் காலத்தில் நம் அறக்கட்டளைக்கு வரும் பெற்றோர் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எந்தப் படிப்பு நல்லது? கட்டணத்துக்கு உதவி கிடைக்குமா? இப்போது சில ஆண்டுகளாக மூன்றாவதாக ஒரு கேள்வியும் வருகிறது. “பையன் கபடி நன்றாக ஆடுகிறான். வெளியூர்க் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஃப்ரீ சீட் தருகிறார்களாம். சேர்த்துவிடலாமா?”

அல்ஹம்துலில்லாஹ், இது மகிழ்ச்சியான கேள்வி. நைனார்பாளையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மாலையில் கபடியும் கைப்பந்தும் ஆடும் பிள்ளைகளில் சிலர் கல்லூரி வாசல் வரை போகிறார்கள். ஆனால் அப்படிச் சேர்ந்தவர்களில் சிலர் இரண்டாம் ஆண்டில் பெட்டியோடு ஊர் திரும்பியதையும் பார்க்கிறோம். அவர்கள் படிப்பிலோ ஆட்டத்திலோ குறைந்து போகவில்லை. மெஸ் பில் கட்ட முடியாமல் திரும்பினார்கள். ‘ஃப்ரீ’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சேரும்போதே கேட்டிருந்தால் அந்த நிலை வந்திருக்காது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

ஒதுக்கீடு வேறு, கட்டணச் சலுகை வேறு

நம்மில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிறோம். முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு ஒதுக்கீடு என்பது இடம் கொடுப்பது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. எம்.பி.பி.எஸ். படிப்பில் 7 இடங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் 3 சதவீதம். இந்த வழியில் சேரும் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது. கட்டணமோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்ற மாணவர் கட்டும் அதே கட்டணம்தான்.

கட்டணச் சலுகை என்பது தனியார் கல்லூரியோ பல்கலைக்கழகமோ தன் அணிக்கு நல்ல ஆட்டக்காரர் வேண்டும் என்பதற்காகத் தானாகக் கொடுப்பது. ‘ஃப்ரீ சீட்’ என்று பேச்சு வழக்கில் சொல்வது இதைத்தான். இதற்கு எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான அளவு இல்லை. ஒரு கல்லூரியில் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தருவார்கள். இன்னொன்றில் கல்விக் கட்டணத்தில் பாதி மட்டும் தள்ளுபடி செய்வார்கள். இரண்டுக்கும் பெயர் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’தான்.

இரண்டுக்கும் அடிப்படை சான்றிதழ். குறுவட்டப் போட்டியில் வாங்கிய கோப்பை வீட்டு அலமாரிக்கு அழகு. ஆனால் ஒதுக்கீட்டில் எடை உள்ளவை மேல்மட்டப் போட்டிகளின் சான்றிதழ்களே. பள்ளிகளுக்கான பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் மாநில அளவு வரை போவது, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் தமிழக அணியில் ஆடுவது, அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகளில் பங்கேற்பது ஆகியவை எடுபடும். ஆகவே பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்து, எந்தப் போட்டிச் சான்றிதழ் எங்கே செல்லும் என்று கேளுங்கள். அசலைப் பத்திரமாக வைத்து, நகல் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை ஐந்தாகப் பிரியுங்கள்

வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஆகும் செலவு ஐந்து வகை.

1. கல்விக் கட்டணம்.
2. தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவு, நூலகம், ஆய்வகம் போன்ற சிறப்புக் கட்டணங்கள்.
3. விடுதி அறை வாடகையும் முன்பணமும்.
4. மெஸ், அதாவது சாப்பாட்டுச் செலவு.
5. ஷூ, ஜெர்சி, பயணம், காயம் பட்டால் வைத்தியம், கைச்செலவு.

‘ஃப்ரீ’ என்று சொன்னவர் இந்த ஐந்தில் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். பெரும்பாலும் முதலாவது நிச்சயம் இருக்கும். மூன்றாவது சில இடங்களில் இருக்கும். நான்காவதில்தான் பேச்சு மழுப்பலாக வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லூரி ஆண்டுக்கு 30,000 ரூபாய் கல்விக் கட்டணத்தை முழுவதும் தள்ளுபடி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெஸ் மாதம் 3,500 ரூபாய். பத்து மாதத்துக்கு 35,000. மூன்று ஆண்டுப் பட்டப் படிப்புக்கு 1,05,000. நான்கு ஆண்டுப் பொறியியலுக்கு 1,40,000. தள்ளுபடியான தொகையைவிடச் சாப்பாட்டுக்குக் கட்டும் தொகை அதிகம்! அதே பிள்ளை கள்ளக்குறிச்சி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்து, அரசு தரும் இலவச பஸ் பாஸில் போய்வந்து, வீட்டில் சாப்பிட்டால் மொத்தச் செலவு இதைவிடக் குறையலாம். நல்ல பயிற்சியாளரும் மைதானமும் வெளியூர்க் கல்லூரியில் இருந்தால் அந்தச் செலவு நியாயம்தான். செலவு இவ்வளவு என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மெஸ் பில் எப்படிப் போடுகிறார்கள்?

விடுதிகளில் இரண்டு முறை உண்டு. ஒன்று, மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதே தொகை. மற்றது டிவைடிங் முறை. அந்த மாதம் அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், சமையல் கூலி என்று ஆன மொத்தச் செலவை, சாப்பிட்டவர்களின் நாள் கணக்கில் வகுத்துப் போடுவார்கள். விலைவாசி ஏறிய மாதம் பில்லும் ஏறும். கறி, முட்டை போன்றவற்றைத் தனியாக ‘எக்ஸ்ட்ரா’ கணக்கில் எழுதும் விடுதிகளும் உண்டு.

விளையாட்டு மாணவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் போட்டிக்காக மாதத்தில் எட்டு, பத்து நாள் வெளியூர் போவார். அந்த நாட்களுக்கு விடுதியில் மெஸ் குறைப்பு கிடைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது பல விடுதிகளின் விதி. பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். பிறகு சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பணம் கட்டுகிறோம். போட்டிக்குப் போகும்போது கல்லூரி பயணப்படியும் உணவுப்படியும் தருமா, முன்பணமாகத் தருமா, திரும்பி வந்து ரசீது காட்டினால் தருமா என்பதையும் விளையாட்டுத் துறை இயக்குநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகுதான் தருவார்கள் என்றால், முதலில் கையிலிருந்து போடப் பிள்ளையிடம் பணம் இருக்க வேண்டும்.

ஆட்டக்காரரின் வயிறு வேறு

சாதாரண மாணவருக்குப் போதுமான சாப்பாடு, காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் ஓடும் பிள்ளைக்குப் போதாது. கடுமையாகப் பயிற்சி எடுப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை என்று விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் கணக்கிடுகிறார்கள். 60 கிலோ எடையுள்ள பையனுக்கு 72 முதல் 120 கிராம். விடுதித் தட்டில் சோறும் இட்லியும்தான் பெரும்பகுதி. பருப்பும் குழம்பும் மட்டும் இந்த அளவை எட்டாது.

குறையை நிரப்ப விலையுயர்ந்த பவுடர் டப்பா தேவையில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம் இருக்கிறது. அரை லிட்டர் பாலில் 16 கிராம் அளவு. 50 கிராம் நிலக்கடலையில் 12 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 10 கிராம். ஆக 50 கிராம் புரதம் கூடுதலாகக் கிடைத்துவிடும். செலவு நாளுக்கு ஏறக்குறைய 50 ரூபாய். மாதம் 1,500 ரூபாய். மெஸ் பில் தவிர இந்தத் தொகையும் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கிவையுங்கள். ஊருக்கு வந்து போகும்போது வறுத்த கடலை, கேழ்வரகு மாவு, நம் கல்வராயன் மலைச் சாமையில் செய்த சத்துமாவு என்று கட்டிக் கொடுத்தால் பாதிச் செலவு குறையும். இவற்றைச் செய்யத் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பவுடர், மாத்திரை என்று நண்பர்கள் கொடுப்பதை வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. ஹலாலா என்ற கேள்வி ஒரு பக்கம். ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டினால் ஆண்டுக்கணக்கில் தடை என்பது இன்னொரு பக்கம்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி வந்தது

பணக்கார நாடுகளில் இந்தப் பிரச்சினை இருக்காது என்று நினைக்க வேண்டாம். கல்லூரி விளையாட்டுக்கு உதவித்தொகை கொடுப்பதில் உலகிலேயே பெரிய ஏற்பாடு அமெரிக்காவில் இருக்கிறது. அதை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் பிரிவுக் கல்லூரிகளில் முழு உதவித்தொகை பெறும் வீரருக்குப் படிப்பும் தங்கலும் உணவும் சேர்ந்தே வரும். ஆனால் உணவு என்றால் நாளுக்கு மூன்று வேளை அல்லது அதற்கு ஈடான பணம் என்று விதி வைத்திருந்தார்கள்.

2014 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி தேசிய சாம்பியன் ஆனது. அந்த அணியின் நட்சத்திர வீரர் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் தான் பசியோடு படுக்கப் போவதாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். முழு உதவித்தொகை பெற்ற வீரர், ஆயிரக்கணக்கானோர் கைதட்டும் வீரர், அவர் சொன்ன வார்த்தை இது. நாடு முழுவதும் பேச்சானது. ஏற்கெனவே பரிசீலனையில் இருந்த விதிமாற்றத்துக்கு அதே மாதத்தில் ஒப்புதல் கிடைத்தது. உதவித்தொகை பெறுபவர், பெறாதவர் என்ற வேறுபாடு இல்லாமல் முதல் பிரிவு வீரர்கள் அனைவருக்கும் கல்லூரிகள் அளவு பாராமல் உணவு கொடுக்கலாம் என்று 2014 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது.

அதே அமைப்பின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் நம் உறவினர்கள் “இங்கே விளையாடினால் எல்லாம் ஃப்ரீ” என்று சொன்னால் அங்கேயும் எந்தப் பிரிவு, எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேப்பியர் வாய் திறந்து சொன்னார். நம் பிள்ளைகள் சொல்வதில்லை. “சாப்பிட்டாயா?” என்று போனில் கேட்டால் “சாப்பிட்டேன் அத்தா” என்றுதான் பதில் வரும். மெஸ் பாக்கிக்காகப் பெயர் பலகையில் ஒட்டப்பட்டதையும், இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயோடு படுத்ததையும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக் கஷ்டம் தெரிந்த பிள்ளை இன்னும் அதிகமாக மறைக்கும்.

சாப்பாடும் சேர்ந்து கிடைக்கும் வழிகள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளில் தங்கல், உணவு, பயிற்சி, சீருடை அனைத்தும் இலவசம். பள்ளி மாணவரை 7 முதல் 9 வரையும் 11-ஆம் வகுப்பிலும் கோடை விடுமுறையில் தேர்வுப் போட்டி வைத்துச் சேர்ப்பது வழக்கம். பெண் பிள்ளைகளுக்குத் தனி விடுதிகள் உண்டு. கல்லூரி மாணவருக்கும் ஆணையம் விடுதிகள் நடத்துகிறது. விவரம் கள்ளக்குறிச்சியில் உள்ள மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் கிடைக்கும்.

மத்திய அரசின் இந்திய விளையாட்டு ஆணையத்துக்கு நமக்கு அருகில் சேலத்தில் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே தங்கிப் பயிற்சி பெறத் தேர்வானவருக்கு உணவும் உண்டு. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் வரை செலவிடப்படுகிறது. அதில் கைச்செலவாக மாதம் 10,000 ரூபாய் என ஆண்டுக்கு 1.20 லட்சம் அவருக்கே வரும். இது மிகச் சிலருக்கே கிடைப்பது. தகுதியுள்ள பிள்ளை தவறவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறோம்.

விளையாட்டோடு தொடர்பில்லாத, நம் குடும்பங்கள் பலருக்கும் பொருந்தும் வழிகளும் இருக்கின்றன.

பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறையின் அரசு விடுதிகளில் தங்கலும் உணவும் இலவசம். கல்லூரி மாணவருக்கான உணவுச் செலவுத் தொகையை மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக அரசு 2023-இல் உயர்த்தியது. நாளுக்கு 50 ரூபாய் வருகிறது. மேலே சொன்ன முட்டை, பால், கடலைக்கு ஆகும் அதே தொகைதான் மூன்று வேளைக்கும் என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் மாதம் 3,500 ரூபாய் கட்ட வேண்டிய சுமை இறங்குகிறது. மிச்சமாகும் பணத்தில் கூடுதல் உணவு வாங்கிக் கொடுக்கலாம்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 முதல் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. இந்தத் தொகையைப் பிள்ளையின் சாப்பாட்டுக்கென்றே விட்டுவிடுங்கள். வேறு செலவுக்கு எடுக்க வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

- ஐந்து வகைச் செலவில் எவை எவை தள்ளுபடி? முழுவதுமா, பாதியா?
- முதல் ஆண்டுக்கு மட்டுமா, படிப்பு முடியும் வரையா? ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா?
- அரியர் விழுந்தால், வருகைப் பதிவு குறைந்தால் சலுகை நிற்குமா?
- காயம் பட்டு ஒரு பருவம் ஆட முடியாமல் போனால் என்ன ஆகும்? வைத்தியச் செலவு யாருடையது?
- பயிற்சியாளர் மாறினாலோ, அணியை நிறுத்தினாலோ சலுகை தொடருமா?
- மெஸ் நிலையான கட்டணமா, டிவைடிங்கா? போட்டி நாட்களுக்குக் குறைப்பு உண்டா?

பதிலைக் கல்லூரியின் கடிதத்தாளில், முதல்வர் அல்லது அதிகாரம் பெற்றவர் கையெழுத்தோடு வாங்குங்கள். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் எல்லாம் வாய்ப்பேச்சாக இருந்தது. அழைத்துப் போன பயிற்சியாளர் ஓர் ஆண்டில் வேறிடம் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு எந்த வாக்குறுதியும் தெரியாது. பையன் பெயரில் பாக்கி மட்டும் நின்றது. பாக்கிக்காக அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் நடக்கிறது. உயர்கல்வி நிறுவனங்கள் மாணவரின் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும், தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு மரியாதையாகவும் உறுதியாகவும் பேசுங்கள்.

ரமலானும் விடுதியும்

ரமலான் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே விடுதிக் காப்பாளருக்கு எழுதிக் கொடுத்தால், நோன்பு வைக்கும் மாணவருக்கு இரவுச் சாப்பாட்டை ஸஹருக்கு எடுத்து வைக்கவோ, பகல் உணவுக்குக் குறைப்பு தரவோ பல இடங்களில் சம்மதிக்கிறார்கள். நான்கைந்து மாணவர் சேர்ந்து கேட்டால் எளிது. பக்கத்துப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியும் இஃப்தாரும் கிடைக்கும். நோன்பு நாட்களில் பயிற்சியை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்கலாம். போட்டிப் பயணத்தில் நோன்பின் சட்டம் என்ன என்பதை இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மெஸ்ஸில் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் முட்டை, பால், பயறு போதும். உடல் வலு குறையாது.

பெண் பிள்ளைகளை விளையாட அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியது ஹதீஸில் வந்துள்ளது. தலையை மறைத்துக்கொண்டு ஆட உலகக் கால்பந்து அமைப்பு 2014-லும் கூடைப்பந்து அமைப்பு 2017-லும் அனுமதி அளித்தன. சென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். விடுதியின் பாதுகாப்பு, பெண் பயிற்சியாளர், ஆடை விதி ஆகியவற்றை நேரில் போய்ப் பார்த்துத் திருப்தியானால் அனுப்பி வையுங்கள்.

நாம் செய்யக்கூடியது

படிப்புக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வருபவருக்குக் கொடுக்க நம் ஊரில் கைகள் நீளும். “பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு வேண்டும்” என்று கேட்கப் பெற்றோருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் படிப்பு நின்று போகிறது. எனவே விடுதியில் தங்கிப் படிக்கும் ஏழை மாணவரின் மெஸ் பில்லுக்கும் அறக்கட்டளையில் விண்ணப்பிக்கலாம். மெஸ் பில் நகல், கல்லூரி அடையாள அட்டை, விளையாட்டுத் துறையின் கடிதம் ஆகியவற்றை இணைத்தால் போதும். தொகையை நேரடியாக விடுதிக் கணக்கில் செலுத்துவோம். பெயர் வெளியே வராது. ஜகாத் கொடுக்கும் சகோதரர்கள், தேவையுள்ள மாணவரின் உணவுக்கு அதைச் செலவிடுவது பற்றி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெற்று, நிய்யத்தைக் குறிப்பிட்டுக் கொடுக்கலாம். ஸதகாவாகக் கொடுக்க யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும், பணம் கட்டுவதற்கு முன், ஒருநாள் இஷாவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். ஐந்து வகைச் செலவையும் ஒரு தாளில் எழுதி, எது யார் செலவு என்று உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் உடலுக்கு வலுவையும், கல்வியில் பரக்கத்தையும், வெளியூரில் பாதுகாப்பையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. பசித்த பிள்ளையின் பசியை அறிந்து உதவும் மனதை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்